சார்லி பிரைடின் கையெழுத்து வரிசை

அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியைப் பாடுகிறவர்களுக்கு மேடையை விட்டு இறங்கியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அரங்கின் முகப்பில் ஒரு மடக்கு மேசை போட்டிருக்கும். அதன் மேல் நாலைந்து மார்க்கர் பேனாக்கள், பின்னால் ஒரு நாற்காலி. பாடிய களைப்போடு வந்து அதில் உட்கார வேண்டும். வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு எழுதி, படத்துக்குச் சிரித்து, தன் தகப்பனார் கண்ணை மூடும்போது உங்கள் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்பவருக்கு அந்த நொடியிலேயே பொருத்தமான ஒரு முகத்தைக் காட்டி, கடைசி ஆள் போன பிறகுதான் பஸ்ஸில் ஏறலாம். ராக் பாடகரிடம் யாரும் இதை எதிர்பார்ப்பதில்லை. கன்ட்ரி ரசிகர்கள் உரிமையோடு எதிர்பார்க்கிறார்கள். பாட்டு சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். வரிசையைப் பாதியில் விட்டு எழுந்து போனவரை இருபது ஆண்டு கழித்தும் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இந்த உரிமைக்கு, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரில் ஒரு திருவிழாவே உண்டு. அந்தக் காலத்தில் அங்கே ஆண்டுதோறும் அக்டோபரில் வானொலி அறிவிப்பாளர்களின் மாநாடு நடக்கும். பாடகர்களைப் பார்க்கலாம் என்று ரசிகர்களும் அதில் புகுந்து நெரிசல் தாங்காமல் போகவே, ரசிகர்களுக்கென்று தனியாகச் சில நாட்களை ஒதுக்கிவிடுவது என்று முடிவானது. 1972இல் முனிசிபல் ஆடிட்டோரியத்தில் 'ஃபேன் ஃபேர்' தொடங்கியது இப்படித்தான். 1982இல் மாநிலப் பொருட்காட்சி மைதானத்துக்குப் போனார்கள். மாடுகளையும் பன்றிகளையும் காட்சிக்கு வைக்கிற கொட்டகைகளில் பாடகர்கள் ஆளுக்கொரு கடை போட்டு உட்கார்ந்து, ஜூன் மாத வெயிலில் வியர்த்து வழியக் கையெழுத்துப் போட்டார்கள். 1996இல் கார்த் புரூக்ஸ் அங்கே முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, 23 மணி நேரத்துக்கு மேல் இடைவெளியே விடாமல் நின்று கையெழுத்திட்டார். விளையாட்டு அரங்குகளையே நிரப்பிக்கொண்டிருந்த ஆள் அப்போது. கன்ட்ரி ரசிகர் இருவர் சந்தித்தால் அரை மணி நேரத்துக்குள் இந்தக் கதை வந்துவிடும். சொல்பவரின் குரலில் தலபுராணம் சொல்கிற தொனியும் சேர்ந்துகொள்ளும்.

நான் இந்த உலகத்துக்குக் காலம் தாழ்ந்து வந்தவள். கணவருக்கு டாலஸில் வேலை. எனக்கு வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. கார் ஓட்டத் தெரியாது. டெக்சாஸில் கார் ஓட்டத் தெரியாதவருக்கும் வீட்டுக் காவலில் இருப்பவருக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாள்தான் என்னை வெளியே அழைத்துப் போனவர். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வேறு ஊர்களில். கடைக்கு என்னை ஏற்றிக்கொண்டு போய்வருவதற்குக் கைம்மாறாக அவர் கேட்டது வாரம் ஒருமுறை சாம்பார். அதுவும் முருங்கைக்காய் இல்லாமல், ஏனென்றால் அந்தக் குச்சியை என்ன செய்வது என்று கடைசி வரை அவருக்கு விளங்கவில்லை.

அவருடைய பழைய பிக்கப் வண்டியில் கேசட் ஓடும் ரேடியோ இருந்தது. அதற்குள் ஒரு கேசட் சிக்கிக்கொண்டிருந்தது. வெளியேயும் வராது, ஓடுவதையும் நிறுத்தாது. ஒரு பக்கம் முடிந்தால் தானாகத் திரும்பி மறுபக்கம் பாடும். இன்ஜினை முடுக்கினால் பாட்டு, அணைத்தால் நிசப்தம். பால் வாங்கப் போனாலும் பல் மருத்துவரிடம் போனாலும் அதே ஆண் குரல், அதே வரிசையில் அதே பாட்டுகள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு எந்தச் சிக்னலில் எந்தப் பாட்டு வரும் என்று கணக்குப் பண்ண ஆரம்பித்தேன். பிறகு, சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் பாட்டை முழுதாகக் கேட்கலாமே என்று ஆசைப்பட ஆரம்பித்தேன்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முற்றிய பலாப் பலகையைத் தட்டினால் எழும் நாதம் அது: கனமானது, ஆனால் முனை மழுங்காதது. மேலே ஏறும்போது முக்கல் இல்லை, கீழே இறங்கும்போது உறுமல் இல்லை. பின்னால் ஸ்டீல் கிட்டார் எவ்வளவு அழுதாலும் இந்த மனிதர் அழ மாட்டார். காதலி போய்விட்டாள் என்று பாடும்போதுகூட, அவள் போனதைப் பற்றி யோசித்து முடித்துவிட்டு வந்து நமக்குச் சொல்வது போலத்தான் இருக்கும். சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக விழும். அமெரிக்க ஆங்கிலத்தைப் பாதி ஊகித்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே பேருதவியாக இருந்தது. டெக்சாஸ் கடைக்காரர்கள் பேசியதைவிட இவர் பாடியது எனக்கு நன்றாகப் புரிந்தது.

இவர் யார் என்று ஒருநாள் கேட்டேன். அந்த அம்மாள் பெயரை மட்டும் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு அழைத்துப்போய், அலமாரியிலிருந்து ஓர் எல்பி இசைத்தட்டை எடுத்து என் மடியில் வைத்தார். 'கன்ட்ரி சார்லி பிரைட்', 1966. உறையில் இருந்தவர் கறுப்பினத்தவர். கன்ட்ரி இசை வெள்ளையர்களின் சொத்து என்று இந்த நாட்டுக்கு வந்த சில மாதங்களிலேயே யாரும் சொல்லிக்கொடுக்காமல் மனத்தில் பதிந்துவிடுகிறது. அதனால் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் காத்திருந்தது அதற்குத்தான் என்று தெரிந்தது.

அவர் தன் தகப்பனாரின் கதையைச் சொன்னார். கிழக்கு டெக்சாஸில் பருத்தி விவசாயி. வானொலியில் இந்தக் குரலைக் கேட்டு, பழைய கன்ட்ரி நட்சத்திரம் ஹேங்க் வில்லியம்ஸுக்குப் பிறகு இப்படி யாரும் பாடியதில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். நகரத்துக்குப் போன யாரிடமோ இசைத்தட்டை வாங்கிவரச் சொல்லிப் பணம் கொடுத்துவிட்டார். வந்து சேர்ந்த உறையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. தட்டைப் போட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் உறையை அலமாரியில் சாய்த்து வைத்தார், படம் சுவரைப் பார்த்திருக்கும்படி. அதன் பிறகு வாரம் தவறாமல் அந்தத் தட்டு ஓடியது. உறை மட்டும் சுவரைப் பார்த்தே நின்றது. விருந்தாளிகள் வந்தால், யார் பாடுவது என்று கேட்டால், புதிதாக ஒரு பையன் என்பாராம்.

எப்போது அதைத் திருப்பி வைத்தார் என்று மகளுக்கு நினைவில்லை. 1971இல் 'கிஸ் ஆன் ஏஞ்சல் குட் மார்னின்' வானொலியில் முழங்கிக்கொண்டிருந்த நாட்களில் உறை நேராக இருந்தது என்பது மட்டும் தெரியும். தகப்பனாரின் மனம் மாறியதா, அம்மா துடைக்கும்போது திருப்பிவிட்டாரா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் இதையெல்லாம் பேசும் வழக்கம் இல்லை என்றார்.

சுவரைப் பார்த்த உறைக்கு நாஷ்வில்லும் ஒரு பொறுப்பு. சார்லி பிரைடின் ஒலிப்பதிவை ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்து அதிகாரிகளுக்கு, அதன் நாஷ்வில் கிளைத் தலைவர் செட் அட்கின்ஸ் போட்டுக் காட்டியபோது, குரல் பிடித்திருக்கிறது என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் பாடுபவர் யார் என்பதைத் தெரிவித்தார். 1966 தொடக்கத்தில் முதல் தட்டு வெளிவந்தபோது வானொலி நிலையங்களுக்குப் புகைப்படம் அனுப்பவில்லை. வழக்கமாகத் தட்டோடு பாடகரின் படமும் போகும். இவருக்குக் குரல் மட்டும் போனது. பெயருக்கு முன்னால் 'கன்ட்ரி' என்று ஒட்டி வைத்தார்கள், சந்தேகமே வேண்டாம் என்பது போல.

அந்தக் குரலோ பிறந்ததிலிருந்தே கன்ட்ரிதான். மிசிசிப்பியில் ஸ்லெட்ஜ் என்கிற சிற்றூர், 1934. பிறர் நிலத்தில் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரமுறையில் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் பதினொரு பிள்ளைகளில் நாலாமவர். தகப்பனார் ஒரு ஃபில்கோ வானொலி வைத்திருந்தார். சனிக்கிழமை இரவுகளில் நாஷ்வில்லிலிருந்து வரும் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சிக்கு அதைத் திருப்புவார். பருத்தி பொறுக்கி வளர்ந்த பையன் பதினாலு வயதில் சியர்ஸ் கடையிலிருந்து ஒரு கிட்டாரை வாங்கினார். ஆனால் வயலை விட்டு வெளியேற அவர் நம்பியது பேஸ்பாலை. கறுப்பின வீரர்களுக்கான லீக்கில் மெம்பிஸ் ரெட் சாக்ஸ் அணிக்குப் பந்து வீசினார். ஒரு கட்டத்தில் அவரையும் இன்னொரு வீரரையும் கொடுத்துவிட்டு ஓர் அணி பழைய பஸ் ஒன்றை வாங்கிக்கொண்டது. இதை அவரே வாழ்நாள் முழுதும் சொல்லிச் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே, ஒரு பஸ்ஸுக்கு எத்தனை ஆட்கள் என்கிற கணக்கு எனக்குத் தொண்டையில் நிற்கும்.

பேஸ்பால் அவரை மொன்டானா வரை கொண்டுபோனது. அங்கே ஈயம் உருக்கும் ஆலையில் வேலை, ஆலையின் அணியில் ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் பாடினால் கூட்டம் சேர்கிறது என்று கண்டுகொண்ட மேலாளர், ஆடப் பத்து டாலர், பாடப் பத்து டாலர் என்று கொடுத்தார். கன்ட்ரி பாடகர் ரெட் சோவின் அங்கே இவரைக் கேட்டுவிட்டு நாஷ்வில்லுக்கு வரச் சொன்னார். நியூயார்க் மெட்ஸ் அணியில் வாய்ப்புக் கேட்டுப் போய்க் கிடைக்காமல் திரும்புகிற வழியில்தான் அவர் நாஷ்வில்லில் இறங்கினார். பேஸ்பாலில் ஒரு கதவு திறந்திருந்தால் அந்த பிக்கப் வண்டியில் நான் யாரைக் கேட்டிருப்பேனோ.

புகைப்படம் இல்லாத காலம் டெட்ராய்டில் முடிந்தது. 1966இல் ஒலிம்பியா அரங்கில் அவருடைய முதல் பெரிய மேடை. சுமார் 10,000 பேர். வானொலியில் கேட்டுப் பழகிய பெயரை அறிவித்ததும் கைதட்டல் எழுந்தது. அவர் விளக்கு வெளிச்சத்துக்குள் நடந்து வந்ததும் அது அப்படியே அடங்கியது. நிரந்தரமாக வெயிலில் கறுத்த இந்த நிறத்தோடு கன்ட்ரி மேடைக்கு வருவது சற்றுப் புதுமைதான் என்று எனக்கும் தெரியும் என்கிற பொருளில் அவர் ஒரு வேடிக்கை சொன்னார். வெயிலில் படுத்து நிறத்தைக் கறுக்கவைத்துக்கொள்கிற வெள்ளையர்கள் சிரித்தார்கள். பாட ஆரம்பித்தார்.

இந்தச் சம்பவத்தை அவருடைய சாமர்த்தியத்துக்குச் சான்றாக எல்லோரும் சொல்வார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் பத்தாயிரம் பேரின் சங்கடத்தைப் போக்கும் வேலையை, சங்கடப்படுத்தப்பட்ட ஒற்றை ஆள் ஏன் செய்ய வேண்டும்? அந்த அம்மாளிடமே இதைக் கேட்டேன். அவர் வெகுநேரம் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, வேறு யார் செய்திருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். இருவர் கேள்வியும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

1967 ஜனவரியில் அவர் ஓப்ரி மேடையில் பாடினார். மூத்த கன்ட்ரி பாடகர் எர்னஸ்ட் டப் அவரை அறிமுகப்படுத்தினார். அந்த நிகழ்ச்சியின் தொடக்க காலத்து நட்சத்திரங்களில் ஒருவரான மவுத் ஆர்கன் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி 1941இல் விலக்கப்பட்டதற்குப் பிறகு, கறுப்பினத்தவர் ஒருவர் அங்கே தனித்துப் பாடியது அன்றுதான். 1971இல் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது. பில்போர்ட் இதழின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டுகள் மட்டும் முப்பதை ஒட்டி வரும். 29 என்பதா 30 என்பதா என்று பட்டியலுக்குப் பட்டியல் மாறும். எழுபதுகளில் ஆர்சிஏவில் எல்விஸுக்கு அடுத்தபடியாகத் தட்டு விற்றவர் இவர்தான் என்பார்கள். 1993இல் ஓப்ரி உறுப்பினர், 2000இல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபம்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அவரைப் பார்த்தேன். டாலஸிலேயே வாழ்ந்தவர் அவர். 2010இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியின் பங்குதாரர்களில் ஒருவராகவும் ஆனார். அதே நகரத்தில் இருந்தும், கச்சேரி கேட்க நாங்கள் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போக வேண்டியிருந்தது. ஒரு சிறிய ஊரின் பழைய சினிமாக் கொட்டகை, பழுதுபார்த்துக் கச்சேரி அரங்காக்கியது. அவருக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. பக்கத்து வீட்டு அம்மாள் முடியைச் சுருட்டி, உதட்டுச் சாயம் பூசி, தகப்பனாரின் இசைத்தட்டு உறையைத் தலையணை உறைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தார். நான் பட்டுப் புடவை கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். கண்டிப்பாக, கடைசி வரிசையிலிருந்தாலும் தெரியும் என்றார். காட்டன் புடவையில் முடித்துக்கொண்டேன்.

அவர் மேடையில் அதிகம் நகரவில்லை. நகர வேண்டிய தேவையும் இல்லை. மைக்கைக் கையில் பிடித்து, ஒரு காலில் எடையைச் சாய்த்து, வீட்டு வாசலில் நின்று பேசுகிறவரின் தோரணையில் நின்றார். குரலின் மேல் தளம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. சில இடங்களில் ஃபிடிலுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ஆனால் அடித்தளத்தில் அதே பலகை. கேசட்டில் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது எது என்று என் காது தானாக எதிர்பார்த்தது; அவர் வேறு ஒன்றைப் பாடியபோதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. நான்காவதோ ஐந்தாவதோ பாட்டுக்குப் பிறகுதான், இது வண்டியில்லை, ஓர் உயிருள்ள மனிதர் என்று காது ஏற்றுக்கொண்டது. தன் நிறத்தைப் பற்றிய பழைய வேடிக்கையை அன்றும் சொன்னார். எல்லோரும் அடுத்த வரியைத் தாங்களே முணுமுணுத்துச் சிரித்தார்கள். டெட்ராய்டில் அது என்னவாக இருந்ததோ, இங்கே அது குடும்பத்துக்குள் சுற்றிவரும் பழங்கதையாகிவிட்டிருந்தது.

பிறகு வரிசை. நாங்கள் ஏறத்தாழ வால் பகுதியில் நின்றோம். பேஸ்பால் பந்தோடு ஒரு தாத்தாவும் பேரனும் இருந்தார்கள். தாத்தாவுக்குப் பாட்டைவிட மெம்பிஸ் ரெட் சாக்ஸைப் பற்றிப் பேசத்தான் ஆவல். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு கறுப்பினப் பெண்மணி, சிறுவயதில் தன் வீட்டில் கன்ட்ரி கேட்டால் அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள் என்று எங்களிடம் சொன்னார். எங்களுக்கு முன்னால் ஓர் அயர்லாந்துத் தம்பதி. விடுமுறைக்கு வந்த இடத்தில் கச்சேரிக்காகப் பயணத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1976இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இவர் பாடியதைக் கேட்டவர்கள். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையிலான மோதலில் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடும் ஓயாமல் நடந்த காலம். முந்தைய ஆண்டுதான் ஓர் இசைக்குழுவை வழிமறித்து, அதில் மூவரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். வெளிநாட்டுக் கலைஞர்கள் அந்த ஊர்ப் பக்கமே தலைவைக்காதபோது சார்லி பிரைட் போய் ரிட்ஸ் சினிமா அரங்கில் பாடினார். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்து 'கிறிஸ்டல் சாண்டலியர்ஸ்' பாட்டைக் கூடவே பாடினார்கள். அந்தக் கணவர் இதைச் சொல்லும்போது மனைவி அவருடைய கோட்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் புராட்டஸ்டன்ட் என்று பிறகு தெரிந்தது. எங்கள் அம்மாளுக்கோ அந்தப் பாட்டின் மேல் மதிப்பே கிடையாது. அமெரிக்காவில் அது தனித் தட்டாகக்கூட வந்ததில்லை என்று வாதாடினார். வரிசை நகர்ந்ததால் சண்டை வரவில்லை.

மேசைக்கு வந்தோம். தகப்பனாரின் கதையை அவரிடம் முழுதாகச் சொல்லப்போவதாக அந்த அம்மாள் வீட்டில் ஒத்திகையே பார்த்திருந்தார். உறையைத் தலையணை உறையிலிருந்து உருவி வைத்தார். என் அப்பா 1966இல் வாங்கியது என்றார். அத்தோடு நின்றுவிட்டார். சுவரைப் பற்றிய பேச்சு வாயில் வரவில்லை.

சார்லி பிரைட் உறையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்தப் பழைய படம் சாயம் போகாமல் பளிச்சென்று இருந்தது. திருப்பினார். பாட்டுகளின் பட்டியல் அச்சிட்ட பின்பக்கம் வெயில் பட்டு மங்கி, எழுத்து பாதி அழிந்திருந்தது. மறுபடி முன்பக்கம். மறுபடி பின்பக்கம். எந்தப் பக்கம் அறையைப் பார்த்திருந்தது என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நிமிர்ந்து அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தார். கண் வரை வந்த சிரிப்பு அது. புரிந்துகொண்டாரா, அல்லது எல்லோருக்கும் கொடுக்கிற சிரிப்புதானா, என்னால் சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுகளாக இந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர். இதைப் போல் எத்தனை உறைகள் அவர் கைக்கு வந்திருக்கும். தகப்பனாரின் பெயரைக் கேட்டார். உறையின் முன்பக்கத்தில், தன் படத்துக்கு மேலேயே, அந்தப் பெயருக்குக் கையெழுத்திட்டார். இறந்து பல ஆண்டுகள் ஆன மனிதருக்கு.

என் முறை. கேசட்தான் வண்டியில் சிக்கியிருக்கிறதே, அதன் காலிப் பெட்டியிலிருந்த அட்டைத் தாளை எடுத்துப் போயிருந்தேன். விஷயத்தைச் சொன்னேன்: கேசட் வெளியே வர மறுக்கிறது, அதனால் இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த ஒரே பாடகர் நீங்கள்தான். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அதே சுருதியில் இருந்ததுதான் எனக்கு வியப்பு. பெயரைக் கேட்டார். என் பெயர் ஆங்கிலத்தில் பதினாலு எழுத்து. காப்பிக் கடைகளில் நான் மீனா. அந்தக் குறுக்குவழியைத்தான் அவரிடமும் சொன்னேன். முழுப் பெயர் இதுவா என்று கேட்டார். இல்லை என்றதும், பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வொன்றாக எழுதினார். பின்னால் இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள் என்றாலும் அரங்கத்துக்காரர்கள் விளக்குகளை அணைக்க ஆரம்பித்திருந்தார்கள். தாளில் இடம் போதாமல் கடைசி நாலு எழுத்துகள் ஓரத்தில் மேல்நோக்கி ஏறிப் போயின. பிறகு கையைக் குலுக்கினார். பெரிய கை, என் கை அதற்குள் காணாமல் போனது.

இதற்கு நான் பெரிய பொருள் எதையும் ஏற்றிவிடக் கூடாதுதான். ஆனால் அவருடைய வரலாற்றைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: தகப்பனார் அவருக்கு வைக்க நினைத்த பெயர் 'சார்ல்'. பிறப்புச் சான்றிதழில் யாரோ தவறாக எழுதியதால் சார்லி ஆனார். முகத்தை மறைத்துக் குரலை மட்டும் அனுப்பி வைத்தவர்கள் நடுவே தொழிலைத் தொடங்கியவர், பிறகு வாழ்நாள் முழுதும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து தன்னைப் பார்க்கக் கொடுத்தார். பார்த்துக்கொள், தொட்டுப் பார், உன் பெயரைச் சொல். மேடையில் சொன்ன வேடிக்கையைவிட இந்த மேசைதான் அவருடைய உண்மையான பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் இதை ஏற்க வேண்டியதில்லை. இன அநீதியைப் பற்றி அவர் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எப்போதும் சிரித்த முகத்தோடு இருந்தவர் என்ற படிமமும் பாதிதான் சரி. 1994இல் வந்த தன்வரலாற்றில், தன் மனநோயைப் பற்றியும் அதற்கான சிகிச்சையைப் பற்றியும் அவரே எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அந்த மேசைச் சிரிப்புக்கு எவ்வளவு உழைப்புத் தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

திரும்பும் வழியில் பாதி தூரம் அந்த அம்மாள் பேசவில்லை. கேசட் பாடிக்கொண்டிருந்தது. பிறகு திடீரென்று, அப்பா இருந்திருந்தால் வரிசையில் நின்றிருக்க மாட்டார், வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார் என்றார். சற்றுக் கழித்து, ஆனால் என்னை அனுப்பியிருப்பார் என்றும் சேர்த்துக்கொண்டார்.

2020 நவம்பர் 11 அன்று கன்ட்ரி இசைச் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது. ஜிம்மி ஆலன் என்ற இளம் கறுப்பினப் பாடகரோடு சேர்ந்து, தேவதையை முத்தமிடும் அந்தப் பழைய பாட்டைப் பாடினார். டிசம்பர் 12 அன்று, கொரோனாவின் பாதிப்பால் டாலஸில் இறந்துபோனார். வயது 86. நாங்கள் அதற்குள் வேறு பகுதிக்குக் குடிபோய்விட்டோம். அந்த அம்மாளும் மகளோடு வாழப் போய்விட்டார். தொலைபேசியில் அழைத்தேன். அழுவார் என்று நினைத்தேன்; அவரோ, டிவியில் மறுபடி மறுபடி ஒரே பாட்டைப் போடுகிறார்கள், அவருக்கு அதைவிட நல்ல பாட்டுகள் இருபதாவது உண்டு என்று ஆத்திரப்பட்டார். இருபதையும் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். பன்னிரண்டாவது பாட்டில் எங்களுக்குக் கருத்து வேறுபாடு வந்தது, அது இன்னும் தீரவில்லை.

இப்போதெல்லாம் பெரிய நட்சத்திரங்களைச் சந்திக்கத் தனி டிக்கெட். பல நூறு டாலர் கட்டினால், கச்சேரிக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, ஒரு படம் எடுத்து, பெயரைச் சொல்வதற்குள் அடுத்தவரை அழைத்துவிடுகிறார்கள். நான் ஒருமுறை கட்டினேன், யாருக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மடக்கு மேசைகள் ஒழிந்துவிடவில்லை. ஊர் ஊராகப் பழைய கொட்டகைகளில் பாடிக்கொண்டிருக்கும் அறுபது, எழுபது வயதுப் பாடகர்கள் இன்னும் கச்சேரி முடிந்து முகப்புக்கு வருகிறார்கள். போகிறவர்களுக்கு என் பரிந்துரை இரண்டுதான். சில்லறைப் பணம் கொண்டுபோங்கள், இசைத்தட்டு விற்கிற இடத்தில் அட்டை எந்திரம் பாதி நேரம் வேலை செய்யாது. வரிசையில் முந்தாதீர்கள், கடைசியில் நில்லுங்கள்; முன்னால் நிற்பவருக்குக் கையெழுத்துதான் கிடைக்கும், கடைசியில் நிற்பவரோடுதான் அவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள்.